தலைக்கட்டும் தேன்மதுக் கொம்பும்: ஹீதன்கள் எதைத் தேடுகிறார்கள்?

(பேசியதிலிருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஜெர்மனியில வேலை பார்க்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தங்க, "சனிக்கிழமை எங்க ஆளுங்க காட்டுல கூடறோம், வர்றியா?"னு கூப்பிட்டிருக்காங்க. போய்ப் பார்த்தா ஒரு பெரிய மரத்தடியில இருபது பேர் வட்டமா நிக்கிறாங்க. ஒருத்தர் மாட்டுக் கொம்புல தேன்மது ஊத்தி, ஒரு பேரைச் சொல்லி, கொஞ்சத்தை மண்ணுல விட்டுட்டு மீதியைப் பக்கத்துல இருக்கறவர் கையில கொடுக்கறார். கொம்பு வட்டம் முழுக்கச் சுத்தி வருது. அப்புறம் எல்லாரும் வீட்டுல இருந்து கொண்டுவந்ததைப் பிரிச்சு வெச்சு ஒண்ணா சாப்பிட்டிருக்காங்க.

தம்பி ரெண்டு கேள்வி கேட்டார். ஒண்ணு: "அக்கா, இது நம்ம ஊர் படையல் மாதிரியே இருக்கே?" ரெண்டாவது: "இவங்க கழுத்துல தொங்குற சின்னத்தைப் பார்த்தா கொஞ்சம் பயமா இருக்கு. நாஜி கும்பல் எதுலயாவது போய் நின்னுட்டேனா?"

ரெண்டாவது கேள்விக்கு நேரா பதில் சொல்லிடலாம்தான். ஆனா முதல் கேள்வி வழியா போனா அந்த பதில் நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வரும். அதனால சுத்து வழியிலயே போவோம்.

முதல்ல, யார் இவங்க? கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடி ஜெர்மானிய, ஸ்காண்டிநேவிய மக்கள் கும்பிட்ட ஓடின், தோர், ஃப்ரெய்யா போன்ற சாமிகளை இன்றைக்குத் திரும்பக் கும்பிடுகிறவர்கள். மார்வெல் படத்துல சுத்தியலோட வர்றாரே, அதே தோர்தான். தம்பி பார்த்த சின்னமும் அனேகமா அந்தச் சுத்தியலாத்தான் இருக்கும். ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் தங்களை ஹீதன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஐஸ்லாந்தில் இதற்கு ஆசாத்ரு என்று பெயர். அங்கே 1972-ல் ஸ்வேயின்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற விவசாயி, மரபுக் கவிதை எழுதுகிறவர், சில நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1973-ல் அரசு அதை மதமாக அங்கீகரித்தது. இன்று 5000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். நாட்டோட மொத்த ஜனத்தொகையே சுமார் 4 லட்சம்தான்ங்கறதை வெச்சு இதைப் பார்க்கணும்.

"ஹீதன்" முதலில் ஒரு வசவு. "பேகன்" என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று அடிப்படைப் பொருள். "ஹீதன்" என்றால் புதர்க்காட்டுப் பக்கம் குடியிருக்கிறவன் என்று ஒரு விளக்கம் உண்டு. டவுன்காரன் பட்டிக்காட்டானைப் பார்த்துச் சொன்னதுனு வெச்சுக்குங்க.

இதே வசவு நமக்கும் விழுந்திருக்கு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழர்களுடைய வழிபாடுகளைப் பற்றி 1711-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலின் பெயர் "மலபாரிஷெஸ் ஹைடன்டும்". அந்தக் காலத்துல ஐரோப்பியர் தமிழர்களை "மலபார்"னு சொல்வாங்க. "ஹைடன்டும்" அப்படின்னா ஹீதன் மார்க்கம். 1713-ல் எழுதிய இன்னொரு நூலில் அய்யனார், மாரியம்மன், எல்லம்மன் என்று ஊர்த் தெய்வங்களுக்குத் தனி இடம் கொடுத்து எழுதினார். மக்களை மதம் மாத்தத்தான் அவர் வந்தார், அதுல ஒளிவுமறைவு இல்ல. ஆனா பார்த்ததையும் கேட்டதையும் கவனமா எழுதி வெச்சார். அந்த ரெண்டாவது நூல் அச்சுக்கு வந்தது 1867-ல். முதல் நூல் 1926-ல்.

ஆக, அகராதிப்படி பார்த்தா எங்க பெரியப்பாவும் ஒரு ஹீதன். அவர்கிட்ட சொன்னேன். "அது என்ன பாப்பா, கட்சியா?"னு கேட்டார்.

எங்க அப்பா வழி ஊர் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சி மாவட்டம். கல்வராயன் மலை அடிவாரம், கோமுகி அணை பக்கம். நான் பிறந்து வளர்ந்தது சென்னை. ஆடிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை ஊருக்குப் போவோம். ஊர்த் தெய்வம் வேற, குலதெய்வம் வேற. ஊர்த் தெய்வம் ஊருக்கே பொது. குலதெய்வம் பங்காளிங்களுக்கு மட்டும். எங்களோடது ஏரிக்கரை ஓரம் வேப்பமரத்தடியில நாலு கல்லு, ரெண்டு வேல், அவ்வளவுதான். சிமெண்ட் மேடை போட்டதே நான் காலேஜ் படிக்கும்போதுதான்.

ஆடி மாசம் எங்க பக்கத்து ஊர்கள்ல சாகை வார்த்தல் நடக்கும். சென்னையில கூழ் ஊத்தறதுனு சொல்வீங்களே, அது. ஆனா நம்ம தெருமுனையில ஒருத்தர் செலவுல அண்டா வெச்சு ஊத்துற மாதிரி இல்ல. ஒவ்வொரு வீட்டுலயும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குடத்துல ஊத்தி, வேப்பிலை கட்டி, தலையில தூக்கிக்கிட்டு கோவிலுக்கு வருவாங்க. அங்க பெரிய கொப்பரை இருக்கும். எல்லார் வீட்டுக் கூழும் அதுல விழும். ஒரு வீட்டுல உப்பு ஜாஸ்தி, ஒரு வீட்டுல புளிப்பு ஜாஸ்தி, ஒரு வீட்டுல கட்டி. ஊத்திக் கலக்கினதுக்கு அப்புறம் எது யார் வீட்டுதுனு யாருக்கும் தெரியாது. அதைத்தான் எல்லாரும் வாங்கிக் குடிப்பாங்க.

இந்தக் கொப்பரையை மனசுல வெச்சுக்குங்க. இப்ப நார்வே பக்கம் போகலாம்.

ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் நார்வே அரசர்களின் கதைகளைத் தொகுத்தார். அதில் ஹாகோன் என்ற அரசன் காலத்து ப்ளோட் ஒன்றைப் பற்றி விவரமா சொல்கிறார். ப்ளோட் என்றால் பலியும் படையலும் விருந்தும் சேர்ந்தது. அந்தப் பகுதி விவசாயிகள் எல்லாரும் விருந்து நடக்கிற நாளுக்கெல்லாம் வேண்டிய சாப்பாட்டைத் தாங்களே கொண்டுவரணும். குதிரை, ஆடு, மாடு வெட்டுவாங்க. ரத்தத்தைக் குச்சியில தொட்டு சுவரிலும் ஆட்கள் மேலும் தெளிப்பாங்க. கறி வெந்ததும் கோப்பையைத் தூக்கி ஓடினுக்கு ஒரு சுற்று, விளைச்சலுக்கும் அமைதிக்கும் ஒரு சுற்று, கடைசியா செத்துப்போன சொந்தக்காரங்களுக்கு ஒரு சுற்று.

ஹாகோன் இங்கிலாந்தில் வளர்ந்த கிறிஸ்தவர். அந்தக் குதிரைக் கறியைச் சாப்பிட அவருக்கு மனசு இல்ல. விவசாயிகள் விடல. நீ எங்க ராஜான்னா எங்க பந்தியில கை நனைக்கணும், அவ்வளவுதான். கடைசியில அவர் கொஞ்சம் ஈரல் தின்ன வேண்டியதாச்சு. ஸ்னோரியும் கிறிஸ்தவர்தான், நிகழ்ச்சி நடந்து சுமார் 300 வருஷம் கழிச்சு எழுதறார். அதனால ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே நம்ப முடியாதுனு ஆராய்ச்சியாளர்கள் சொல்வாங்க. ஆனா எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. உனக்கு ஓடின்மேல நம்பிக்கை இருக்கானு ராஜாகிட்ட யாரும் கேட்கல. சாப்பிட்டியா, இல்லையானுதான் கேட்டாங்க.

எங்க ஊர்லயும் கேள்வி அதுதான். எங்க சித்தப்பா ஒருத்தர் கருப்புச் சட்டைக்காரர். சாமி இல்லைனு மைக் போட்டுப் பேசுவார். ஆனா குலதெய்வப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி முதல் ஆளா கட்டிடுவார். கேட்டா, "சாமி இல்ல, சரி. பங்காளிங்க இருக்காங்க இல்ல?"னு சொல்வார். தலைக்கட்டு வரினா தெரியாதவங்களுக்கு: திருவிழாச் செலவை மொத்தமா கணக்குப் போட்டு குடும்பத்துக்கு இவ்வளவுனு பிரிப்பாங்க. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. பணக்காரன், ஏழை எல்லாருக்கும் ஒரே தொகை. ஒருத்தர் மொத்தச் செலவையும் நானே பார்த்துக்கறேன்னு சொன்னாலும் ஒத்துக்க மாட்டாங்க. அப்படி விட்டா சாமி அவர் வீட்டுச் சாமி ஆயிடும்.

இன்றைய ஹீதன் குழுக்கள் தேடறது இதைத்தான்னு எனக்குத் தோணுது. அவங்க குழுவுக்கு "கிண்ட்ரெட்"னு பேர்; சொந்தபந்தம்னு அர்த்தம். பத்துப் பதினைஞ்சு பேர்தான் இருப்பாங்க. கொடுத்தால் திரும்பக் கொடுக்கணும், வாங்கினால் கடன்பட்டிருக்கணும் என்பதுதான் அவங்க நெறியோட மையம். "ஃப்ரித்" என்று ஒரு பழைய சொல் வெச்சிருக்காங்க. அமைதினு மொழிபெயர்க்கலாம், ஆனா போதாது. ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் கெடுதல் செய்யாம இருக்கிற கட்டுப்பாடு அது. எங்க ஊர்ல காப்பு கட்டிட்டா அப்படித்தான். காப்பு கட்டினவர் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. அதுக்கு முன்னாடியே பேச்சு நின்னுபோன அண்ணன் தம்பிங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசிடுவாங்க. வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், கல்யாணத்துல மொய் எழுதலங்கற கோபம், எல்லாம் அந்த ஒரு வாரத்துல வெளிய வரும். பாதி தீரும். மீதி அடுத்த வருஷத்துக்கு.

இதோட இன்னொண்ணும் சொல்லிடறேன். இணையத்துல ஹீதன்னு தேடினா "ஒன்பது உன்னதப் பண்புகள்"னு ஒரு பட்டியல் கிடைக்கும். தைரியம், உண்மை, மானம், விசுவாசம், கட்டுப்பாடு, விருந்தோம்பல், உழைப்பு, சுயசார்பு, விடாமுயற்சி. டி-சர்ட்டுல கூட போடறாங்க. இது எந்தப் பழைய நூலிலும் இப்படி இல்லை. 1970-களில் பிரிட்டனில் ஒரு குழு தொகுத்தது. கொம்பைக் கைமாத்திக் குடிக்கிற சடங்குக்கும் சுயசார்புக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல. எங்க பெரியப்பாகிட்ட பட்டியல் கிடையாது. நோட்டுதான் இருக்கு, வரவு செலவு நோட்டு.

என்னை அசத்தின ஒற்றுமை இன்னொண்ணு இருக்கு. பழைய ஸ்காண்டிநேவியாவில் "டீசிர்" என்று ஒரு வகைத் தெய்வப் பெண்கள். ஒரு குடும்பத்தைக் காக்கிறவர்கள். செத்துப்போன பாட்டி, பூட்டிகளோடு சேர்த்து நினைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் குளிர்காலத்தை ஒட்டி வீட்டளவில் தனிப் படையல் உண்டு. இன்றைய ஹீதன்கள் அதைத் திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க. பாட்டியோட போட்டோ, அவங்க பின்னின ஸ்வெட்டர், அவங்களுக்குப் பிடிச்ச கேக் எல்லாம் வெச்சுக் கும்பிடறாங்க.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். பூவாடைக்காரி! குடும்பத்துல சுமங்கலியா இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரியா கும்பிடுவோம். வீட்டுல கல்யாணம்னா முதல்ல அவளைக் கூப்பிடணும். பம்பை, உடுக்கை அடிக்கிறவங்க வருவாங்க. கிணத்துக்கோ ஏரிக்கோ போய், தண்ணியில இருந்து அவளை அழைச்சு, கலசத்துல வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க. பம்பைக்காரர் பாட்டுலயே குடும்பத்துல செத்துப்போனவங்க பேரெல்லாம் வரிசையா வரும். புதுப் புடவை, பூ, மஞ்சள், அவளுக்குப் பிடிச்ச பலகாரம். எங்க அத்தை கல்யாணத்துக்கு முன்னாடி கூப்பிட்டப்போ, நான் பார்க்காத எங்க அப்பாவோட சின்னம்மா பேரைப் பம்பைக்காரர் பாடினார். இருபத்தி ரெண்டு வயசுல பிரசவத்துல இறந்தவங்க. அவங்க போட்டோ எங்க வீட்டுல ஒண்ணு கூட இல்ல. அந்தப் பாட்டு இல்லைனா அவங்க பேரே எனக்குத் தெரிஞ்சிருக்காது.

ஜெர்மனிக்காரங்க ஆயிரம் வருஷ இடைவெளிக்கு அப்புறம் புத்தகத்துல இருந்து பொறுக்கி எடுத்துச் சேர்க்கிற ஒண்ணு, நம்ம வீட்டுல விடாம நடக்குது. நாமதான் கல்யாண ரீல்ஸ்ல அதை எடிட் பண்ணித் தூக்கிடறோம்.

சட்டத்துக்கும் இந்த வழிபாட்டுக்கும் உள்ள உறவுலயும் ஒரு ஒற்றுமை இருக்கு. சுமார் கி.பி. 1000-ல் ஐஸ்லாந்தின் பொதுச்சபை கிறிஸ்தவத்துக்கு மாறுவதாக முடிவெடுத்தது. ஊர் ரெண்டாப் பிரிஞ்சு சண்டை வர்ற நிலைமை. சட்டம் சொல்கிற பொறுப்பில் இருந்த தோர்கெய்ர், பழைய மதத்துக்காரர், போர்வையை இழுத்து மூடிக்கிட்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் யோசிச்சார்னு சொல்வாங்க. எழுந்து வந்து எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கணும்னார். கூடவே ஒரு சலுகை: வீட்டுக்குள்ள ரகசியமா பலி கொடுத்துக்கலாம், சாட்சியோட மாட்டினாத்தான் தண்டனை. அந்தச் சலுகையும் சில வருஷத்துல போயிடுச்சு.

தமிழ்நாட்டில் 1950-லேயே கோவில்களில் ஆடு, கோழி பலியிடத் தடைச் சட்டம் வந்தது. அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு. 2003-ல் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டதும் கிராமங்கள்ல பெரிய கொந்தளிப்பு. 2004-ல் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். ஞாயித்துக்கிழமை கறிக்கடையில வெட்டினா வியாபாரம், அதே ஆட்டை வேப்பமரத்தடியில வெட்டி ஊருக்கே பங்கு போட்டா குற்றமானு அப்ப கிராமத்துல கேட்டாங்க. மிருகங்களுக்காகப் பேசறவங்க வாதமும் லேசானது இல்ல. ஐஸ்லாந்து சங்கமே பலி கொடுக்கறது இல்ல. மதுவை மண்ணுல ஊத்தி விருந்து சாப்பிடறதோட சரி. ஆனா மாறணும்னா அதைக் கும்பிடறவங்க மாத்தணும். போலீஸ் வந்து மாத்தினா சாட்சி இல்லாத இடத்துல நடக்கும்.

கும்பிடறவங்களே மாத்துவாங்களா? மாத்துவாங்க, அதுவும் ஒரே வருஷத்துல. 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல என்ன நடந்துச்சுனு உங்களுக்கு நினைவிருக்கும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். 60 பேருக்கு மேல செத்தாங்க. எங்க குலதெய்வத்துல காவல் சாமிக்குச் சாராயம் வைக்கறது தாத்தா காலத்துப் பழக்கம். அந்த ஆடியில பெரியப்பா இளநீரை வெட்டி வெச்சார். யாரும் எதிர்த்துப் பேசல. பூசாரி மட்டும், "சாமி கேட்டா என்ன சொல்றது?"னு கேட்டார். "சாமிக்கும் சேதி தெரியும்"னு பெரியப்பா சொல்லிட்டார். இதுக்கு வேதம் புரட்டத் தேவைப்படல, மடாதிபதி உத்தரவும் தேவைப்படல. ஹீதன் குழுக்கள்லயும், குடியை விட்டவங்க இருந்தா கொம்புல ஆப்பிள் ஜூஸ் ஊத்தறாங்க.

இப்ப தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு வரலாம்.

கொடுத்து வாங்கறதுதான் மதம்னா, யார்கிட்ட வாங்குவோம், யாருக்குக் கொடுப்போம்ங்கறதுதான் மதத்தோட எல்லை. பழைய நார்ஸ் வழக்கில் வேலிக்கு உள்ளே, வேலிக்கு வெளியே என்று ஒரு பிரிவினை உண்டு. இன்றைய ஹீதன்கள் நடுவுல பெரிய சண்டையே அந்த வேலி எங்க ஓடுதுனுதான். ஒரு பிரிவு, இது வடக்கு ஐரோப்பிய ரத்தம் உள்ளவங்களுக்கு மட்டும்னு சொல்லுது. அமெரிக்காவுல ஆசாத்ரு ஃபோக் அசெம்ப்ளி என்ற அமைப்பு அந்தப் பக்கம். நாஜிகள் ரூன் எழுத்துகளை எடுத்துப் பயன்படுத்தின அசிங்கமும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு பிரிவு, யார் வந்து வட்டத்துல நின்னாலும் கொம்பைக் கொடுப்போம்னு சொல்லுது. 2016-ல் இந்தப் பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் அந்த அசெம்ப்ளியோடு எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. "பிரகடனம் 127" என்று பெயர். பழைய நார்ஸ் நூலான ஹாவமாலின் 127-ஆம் பாடலை வைத்து அந்தப் பேர். ஐஸ்லாந்து சங்கம் ஓரினத் தம்பதிகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கத் தயார் என்று சொன்னதற்கு, அதன் தலைவர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சனுக்கு வெளிநாட்டில் இருந்து வசவுக் கடிதங்கள் வந்தன. எழுதினவங்களும் தங்களை ஆசாத்ருன்னுதான் சொல்லிக்கிட்டாங்க.

ஆக தம்பி, உன்னைக் கூப்பிட்டுக் கொம்பைக் கையில கொடுத்திருக்காங்கன்னா அனேகமா நீ ரெண்டாவது கூட்டத்துல இருக்கே. சந்தேகமா இருந்தா நேரா கேட்டுடு. நல்ல குழுவா இருந்தா இந்தக் கேள்விக்குக் கோவப்பட மாட்டாங்க.

ரத்தம்ங்கற வாதம் அவங்க கதையிலயே நிக்காது. மரபணு ஆய்வுகள்படி ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய பெண்களில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர்கள். எங்க கல்வராயன் மலையை எடுத்துக்குங்க. அங்கே இருக்கிற மலையாளி பழங்குடிகளுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தம் இல்ல. மலையை ஆள்றவங்கனு பேர். காஞ்சிபுரத்துல இருந்து கரியராமன் சாமியோட கிளம்பி வந்தோம், மூணு அண்ணன் தம்பிங்க ஆளுக்கொரு மலைக்குப் போனாங்கனு அவங்க கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகள்ல இது இருக்கு. அந்தக் கதையிலேயே மூணு பேரும் வேற வேற சாதியில பொண்ணு எடுத்தாங்கனு வருது. சாமியோட நடந்து வந்தவங்க, வந்த இடத்துல சேர்ந்தவங்க, எல்லாரும் சேர்ந்துதான் ஒரு குலம் ஆகியிருக்காங்க.

சரி, ஜெர்மன்காரங்களுக்கு நியாயம் சொல்லியாச்சு. அந்தக் கொப்பரைக்குத் திரும்புவோம். எல்லார் வீட்டுக் கூழும்னு சொன்னேன். எல்லார்னா யாரு?

தமிழ்நாட்டுல பல ஊர்ல காலனிக்குத் தனி மாரியம்மன், தனிக் கொப்பரை. இந்தக் கொப்பரைக் கூழ் அந்தக் கொப்பரையில விழாது. ஊர்த் திருவிழாவுக்குத் தலித் குடும்பங்கள்கிட்ட வரி வாங்க மறுக்கறது இன்னைக்கும் நடக்கிற விஷயம். வெளியூர்க்காரங்களுக்கு இது விளங்காது: பணம் கேட்கலைனா நல்லதுதானேனு நினைப்பாங்க. வரி வாங்கலைனா நீ ஊர் இல்லைனு அர்த்தம். தேர் உன் தெருவுக்கு வராது, பரிவட்டம் கிடையாது, கூட்டத்துல பேச முடியாது. எங்க மாவட்டத்துலயே, சின்னசேலம் பக்கம் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குள்ள தலித் மக்கள் முதல்முறையா போனது 2023 ஜனவரி 2-ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி அன்னைக்கு. போலீஸ் பாதுகாப்போட. அதே வருஷம் ஜூன்ல பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில திரௌபதி அம்மன் கோவிலுக்குச் சீலே வெச்சுட்டாங்க, உள்ளே விடறதா வேண்டாமாங்கற தகராறுல.

வேர்களைத் தேடிப் போறோம்னு சொல்ற நம்ம வயசுப் பசங்க இப்ப நிறையப் பேர். சிறுதெய்வம், நாட்டார் வழிபாடு, கருப்பன் டாட்டூ. எனக்கும் அதுல ஆசை இருக்கு, இல்லாம இவ்வளவு நேரம் பேச மாட்டேன். ஆனா வேலியையும் சேர்த்துத்தான் வேர்னு சொல்லி நம்ம கையில கொடுப்பாங்க. அதை வாங்கிக்கணுமாங்கறதை நாமதான் முடிவு பண்ணணும். ரத்தம்தான் எல்லைனு சொல்ற அமெரிக்கக்காரனும் இதைத்தான் "எங்க முன்னோர் வழக்கம்"னு சொல்றான்.

என் வீட்டு வேலியை மட்டும் சொல்றேன், அடுத்தவங்க ஊரைப் பத்தி நான் சொல்ல வேண்டாம். போன ஆடிக்கு எங்க பங்காளிங்க வாட்ஸ்அப் குரூப்புல வரித் தொகை வந்துச்சு, ஜிபே நம்பரோட. அண்ணனுக்கு வந்துச்சு. எனக்கு வரல. பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, என் பேர் நோட்டுல இல்லையா?"

"உனக்கு எதுக்கு பாப்பா? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு."

"முப்பத்தி நாலு வயசாச்சு பெரியப்பா. நான் எங்கயும் போகல. சம்பாதிக்கிறேன், தனி வீடு, தனி ரேஷன் கார்டு."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப உங்கண்ணன் கணக்குல சேர்த்து அனுப்பிடேன். பொங்கல் வைக்க நீயும் வந்துடு."

அண்ணன் கணக்குல சேர்த்து அனுப்பினா அது நன்கொடை. நன்கொடை யார் வேணா கொடுக்கலாம், சினிமா நடிகர் கூட கொடுக்கலாம். வரி கொடுத்தவங்களுக்குத்தான் கறியில பங்கு, கூட்டத்துல வாய். நான் அனுப்பல. பொங்கலுக்குப் போனேன். அப்பத்தான் அந்த நோட்டை முதல் தடவையா கையில வாங்கிப் பார்த்தேன். வரவுப் பக்கத்துல 43 பேர், அத்தனையும் ஆம்பளைப் பேர். செலவுப் பக்கத்துல ஆடு, அரிசி, பூ, பந்தல், அதுக்குக் கீழ "பறை" அப்படினு ஒரு தொகை. பேர் இல்ல. வருஷா வருஷம் வந்து அடிக்கிறவர். அவரோட அப்பாவும் எங்களுக்கு அடிச்சவர். சாமி இறங்கறதே அவர் அடிக்கு. பந்தி போட்டப்போ அவருக்கும் அவர் பையனுக்கும் சாப்பாட்டைத் தூக்குல போட்டுக் கொடுத்துட்டாங்க. அவங்க ஏரிக்கரையில போய் உட்கார்ந்து சாப்பிட்டாங்க.

அவர் எங்க பங்காளி இல்ல, அதனால வரிப் பட்டியல்ல வர மாட்டார், அது வேற. ஆனா இலைக்கும் பங்காளிக்கும் சம்பந்தம் இல்லையே. வெளியூர்ல இருந்து வந்த என் ஃப்ரெண்டுக்கு பந்தியில இலை போட்டாங்களே.

தை மாசம் பங்காளிங்க கூட்டம். ரெண்டு விஷயம் பேசணும்னு பெரியப்பாகிட்ட சொல்லியிருக்கேன். என் பேரைத் தலைக்கட்டுல எழுதறது ஒண்ணு. பறை அடிக்கிறவங்களுக்குப் பந்தியில இலை போடறது இன்னொண்ணு. நோட்டுல அவர் பேரையும் எழுதறது. பெரியப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சொன்னார்: "முதல்ல உன்னுதைப் பேசலாம் பாப்பா. அது சுலபம்."